இருபத்தொன்றில் முதல் இலை

எங்கள் ஊர்த் தமிழில் அந்தச் செடிக்குப் பெயர் கிடையாது. "அந்த வெள்ளைப்பூ" என்போம், அவ்வளவுதான். தெலுங்கில் அதற்கு ஒரு பெயர் இருப்பதே திருப்பதியில் ஒரு குழந்தை டாக்டரின் அறையில்தான் எனக்குத் தெரியவந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் காதிலிருந்து எடுத்தபடியே தெலுங்கில் கேட்டார்.

"மீ இண்டி தக்கர வய்யாரிபாமா உந்தா?"

நாங்கள் வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு பேசுகிறவர்கள். புத்தூர்ப் பக்கம் எல்லாக் குடும்பமும் அப்படித்தான். ஆனால் தெலுங்கில் ஒரு வம்பு உண்டு. பெண்பிள்ளை இருந்தாலும் 'உந்தி', செடி இருந்தாலும் 'உந்தி'. உங்கள் வீட்டுப் பக்கம் ஒய்யாரி பாமா என்று யாராவது இருக்கிறாளா என்று டாக்டர் கேட்பதாக என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, எங்கள் தெருவில் அந்தப் பேரில் யாரும் இல்லை சார் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மூச்சு முட்டிக்கொண்டிருந்த என் மகளும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்து, "பொம்பள இல்ல நைனா, செடி. நம்ம வூட்டுப் பின்னால கீதே, அந்த வெள்ளப்பூ. ஸ்கூல்ல மேடம் காட்டினாங்க" என்றாள்.

அந்தப் பூவின் தூள் காற்றில் வந்து சில பிள்ளைகளின் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். முழங்கை மடிப்பில் இருந்த தடிப்பையும் பார்த்தார். இதுவும் அதுதான் என்றார். இதற்கு ஒரேயடியாகத் தீர்வு என்று ஒன்றும் இல்லை, வாயில் மருந்துப் பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், செடியை அண்டவிடக் கூடாது. நான் தலையாட்டினேன். செடிதானே, பிடுங்கிப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் வீடு புத்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டுக்குச் சற்று உள்ளே. பின்னால் முன்பு வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தை விற்று மனை பிரித்தார்கள். இங்கே அதற்கு வெஞ்சர் என்று பெயர். முன்னால் ஒரு வளைவு கட்டி, வரிசையாகக் கலர்க் கல் நட்டு, எங்கிருந்தோ லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி ரோடு போட்டார்கள். வாங்கினவர்கள் ஒருவர்கூட வீடு கட்டவில்லை. விலை ஏறட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மண்ணோடு வந்த விதை அடுத்த மழையில் எழுந்தது. இரண்டாம் வருஷம் கலர்க் கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பளவுக்கு அதுவேதான். மாடு வாய் வைக்காது. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் சோறு இறைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். நல்லாத்தான் கீது என்று வந்த விருந்தாளிகள் போட்டோகூட எடுத்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். உனக்கு ஊசியைவிட வாய்தான் கூர் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாயை எடுத்துக்கொண்டு ஊர்ச் சச்சிவாலயத்துக்கு, அதாவது ஊர் ஆபீசுக்குப் போனேன். அர்ஜி எழுதிக் கொடுத்தேன். "அது தனியார் நிலம்மா, நாங்க கை வைக்கக் கூடாது" என்றார்கள். உன் பிள்ளை மூச்சு விடாமல் கிடந்தால் இப்படித்தான் சட்டம் பேசுவியா என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். அவளுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். அழுதுவிட்டாள். அவள் மேல் தப்பில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

மனைக்காரர்களின் போன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ஒருவர் பெங்களூரில் இருந்தார், ஒருவர் எடுக்கவே இல்லை. கடைசியில் நானே இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சேலையை மூஞ்சிக்குச் சுற்றிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, வீட்டை ஒட்டின இருபது அடியைப் பிடுங்குவேன். முடித்ததும் பின்பக்கமே குளித்து, துணியை அங்கேயே ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். மகளைத் தொடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கை கழுவுவேன். இப்படி இரண்டு வருஷம். பூ விடுவதற்கு முன்னால் தரையோடு தரையாக இலை விரித்துக் கிடக்கும்போதே எனக்கு அது தெரியும். கேரட் இலை மாதிரி கிழிந்த இலை. தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை சொல்லிவிடும்.

இத்தனை செய்தும் ஒன்றை நான் செய்யவில்லை. என் வாயைக் கட்டவில்லை. அவள் இருமினால் தைக்கிறதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் பயம் கோபமாகிவிடும். "எங்கடி போனே? எதத் தொட்டே? அந்த வழியா வந்தியா?" என்று ஆரம்பித்தேன் என்றால் அவள் இருமி முடித்த பிறகும் நான் முடிக்க மாட்டேன். ஒருநாள் சிநேகிதிகளோடு வெஞ்சர் குறுக்குவழியில் வந்துவிட்டாள். காலில் இரண்டு வைத்தேன். இன்னொரு நாள் பம்பைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்ததற்குத் தெருவே கேட்கத் திட்டினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் ஏழு வயசுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்.

போகப்போக அவள் வீட்டுக்குள் இருமுவது குறைந்தது. பின்னாலிருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் போய் இருமிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயது ஆன வருஷம், விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம், பள்ளியில் மேடம் போர்டில் இருபத்தொரு இலைகளின் பெயரை எழுதிப் போட்டார். எங்கள் வீட்டில் சதுர்த்திக்கு அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும்தான். இருபத்தொரு இலை பறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரம் சொல்லிப் போடுவது தெலுங்கு வீடுகளின் வழக்கம். அங்கே அதற்குப் பத்ரி என்பார்கள். இந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில் பத்ரி பூஜை செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். தெருப் பிள்ளைகள் கும்பலாகப் பையை எடுத்துக்கொண்டு இலை பறிக்கக் கிளம்பின. என் மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நானும் போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காததுதான் என்னவோ செய்தது.

"நீ வூட்லயே இரு. நான் போய் எல்லாத்தையும் எடுத்தாறேன்" என்றேன்.

"இருபத்தொண்ணுமா?"

"இருபத்தொண்ணும்."

அந்த இரண்டு நாள் நாங்கள் இருந்த மாதிரி அதற்கு முன்னால் இருந்ததில்லை. அவள் நோட்டைப் பார்த்துத் தெலுங்கில் சொல்வாள், நான் மிஷினை மிதித்தபடியே தமிழில் பிடிப்பேன். "ரேகு?" என்பாள். "இலந்தை." "உத்தரேணி?" "நாயுருவி." "வாவிலி?" "நொச்சி." "ஜம்மி?" "வன்னி. ஏன்டி, உன் மேடத்துக்கு உங்கம்மா மார்க் போடுவா, சொல்லு" என்பேன். சிரிப்பாள். சாயங்காலம் தையலை மூட்டை கட்டிவிட்டு நான் கிளம்புவேன். வில்வம் கோயிலில் கிடைத்தது. ஊமத்தையும் எருக்கும் ரோட்டோரம். மருதுக்கு ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். இரண்டு மூன்று கிடைக்கவில்லை. அதற்குப் பதில் அட்சதை போடலாம் என்று மேடமே சொல்லியிருந்தார்.

பட்டியலில் முதல் பெயர் மாசிபத்ரி. அதுதான் யாருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பேரு இன்னா என்று அவள் கேட்டதும் எழுந்து போய்த் தெருவில் விசாரித்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவும் கடையில்தான் வாங்குவோம் என்றுவிட்டார்.

"அதுக்கும் அட்சத போட்டுக்கலாம்" என்றேன்.

"மொதல் எலையே இல்லன்னா எப்டிம்மா" என்றாள்.

சதுர்த்திக்கு முந்தின நாள் புத்தூர்க் கடைத்தெருவுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மண் பிள்ளையார், காகிதக் குடை, சோளக்கதிர், விளாம்பழம் என்று கால் வைக்க இடமில்லை. நாலைந்து பேரைக் கேட்டு, கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தேன். குவியலிலிருந்து வாழைநாரால் கட்டின ஒரு கட்டை எடுத்து நீட்டினாள். கொஞ்சம் மருவு, கொஞ்சம் மாவிலை, நடுவில் ஒரு பிடி வாடின இலை. அதுதான் மாசிபத்ரி என்றாள்.

என் கைக்குத் தெரிந்தது. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. கிழிந்த இலை, லேசான சொரசொரப்பு. நுனியைக் கிள்ளிவிட்டிருந்தாள், பூ இல்லை. இரண்டு வருஷம் பிடுங்கின கைக்கு இது தெரியாமல் போகுமா. "இதி மாசிபத்ரேனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். எல்லாரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி எத்தனையோ இலை இருக்கும், சாமி பட்டியலில் முதலில் வைத்த இலை கெடுதலாகவா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் வலித்தது. பட்டியல் முடிந்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஊர் வாயையெல்லாம் அடைக்கிற வாய் அன்றைக்கு ஒரு கேள்வியோடு நின்றுவிட்டது. மோந்து பார்த்தேன். மருவு வாசனைதான் வந்தது.

வீட்டில் அவள் தரையில் பேப்பர் விரித்து இலைகளை வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். முதல் இடம் மட்டும் காலி. கட்டைப் பிரித்து அந்த வாடின கொத்தை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது எங்க வாங்கினே?"

"புத்தூர்ல. ஏன், இதுலயும் எதனா குறை கீதா? காலைலேர்ந்து வெயில்ல சுத்திக்கினு கீறேன், ஒரு வாய் சோறு துன்னல. தேடித் தேடி எடுத்தாந்தா உக்காந்துக்கினு கேள்வி கேக்கிறியா?"

"இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

அந்தக் கொத்தை முதல் இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, வெட்டுத்துணியில் நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பிள்ளையார் முன்னால் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரருக்கும் அன்று லீவு. கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. நோட்டைப் பிரித்து, "ஓம் சுமுகாய நமஹ, மாசீபத்ரம் பூஜயாமி" என்று அந்தக் கொத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சாமி காலில் போட்டாள். அவ்வளவு கிட்டத்தில், மூக்குக்கு நேராக. "நல்லா கணீர்னு சொல்றா பாரு" என்றார் அவர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது ஆறாவது இலைக்குக் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சத்தமாச் சொல்லுடி. சாமிக்குக் கேக்க வேணாமா?" என்றேன்.

சத்தமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. விசில் மாதிரி ஒன்று வந்தது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பம்பை எடுத்து இரண்டு அடி, நாலு அடி, ஆறு அடி. ஒன்றும் உள்ளே போகவில்லை. அவர் பைக்கை எடுத்தார். நடுவில் அவளை என் பக்கம் பார்க்க உட்காரவைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். வெஞ்சரை ஒட்டின ரோடுதான் வழி. அந்த இரண்டு நிமிஷமும் அவள் மூக்கையும் வாயையும் என் மாரோடு அழுத்திக்கொண்டு போனேன். அழுத்தினால் மூச்சு வராது, விட்டால் அந்தக் காற்று வரும். என்ன செய்கிறது என்று தெரியாமல் அழுத்துவதும் விடுவதுமாகவே போனேன்.

புத்தூரில் ஆவி வைத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு ஏற்றினார்கள். இரண்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் பாவாடையில் ஒட்டியிருந்த அருகம்புல் என் சேலையில் இருந்தது. அதை எடுத்துப் போடவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டில் புதிதாக என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார். அதே டாக்டர்தான். பூஜை, இலை என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் ஊருக்குப் போய், சாமி காலடியில் கிடந்ததையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கட்டி எடுத்துவந்தார். டாக்டர் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஏமம்மா, வய்யாரிபாமானி தேவுடிகி பெட்டாரா?" என்றார். அதையா சாமிக்கு வைத்தீர்கள் என்று கேட்டார், கோபமாக அல்ல. இதைத்தான் மாசிபத்ரி என்று விற்கிறார்கள், தெரியாமல் நிறைய பேர் வாங்கி வைக்கிறார்கள் என்று சமாதானம்போலச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். தெரியாமல் என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான். ஆனால் அதை ஒத்துக்கொள்கிற மனசு அந்த நிமிஷம் வரவில்லை. வாய்தான் வந்தது. அந்தக் கோணிப்பைக்காரியைப் பிடித்து ஆரம்பித்தேன். நேரே புத்தூருக்குப் போய் அவள் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் போடுகிறேனா இல்லையா பார் என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அம்மா, கத்தாத" என்றாள் மகள். மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அது வய்யாரிபாமான்னு. மாசிபத்ரி எலைக்கு அடிப்பக்கம் வெள்ளையா இருக்கும்னு மேடம் சொல்லிக்கீறாங்க. நான் திருப்பிப் பாத்தேன். வெள்ளையா இல்ல."

"தெரிஞ்சும் ஏன்டி வெச்சே?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், திட்டுவேனா மாட்டேனா என்று பார்க்கிற அந்தப் பார்வை.

"நீ வெயில்ல அவ்ளோ தூரம் போயி எடுத்தாந்தே. சொன்னா கத்துவே. கொஞ்ச நேரம்தான, மூச்சப் புடிச்சிக்கினு சொல்லிட்டா ஆயிடும்னு நெனச்சேன்."

ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். அப்போதுதான் நான் சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

இப்போது அவளுக்குப் பதினொன்று. காலையும் மாலையும் பம்ப். மழைக்காலம் வந்தால் ஒரு மாதம் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வெஞ்சரில் இன்னும் ஒரு வீடும் வரவில்லை. செடி இடுப்பைத் தாண்டிவிட்டது. நான் இருபது அடியைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கத்துவதை விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக அவளை ஒரு வார்த்தை அதட்டியது கிடையாது. இத்தனை நாள் கழித்து அடங்கின வாயை நம்ப அவளால்தான் முடியவில்லை.

"மூச்சு எப்டி கீது?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு, "பரவால்லம்மா" என்கிறாள். எப்போது கேட்டாலும் அதேதான். அதில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. அதனால் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது, நடுநடுவே மிஷினை நிறுத்திவிட்டு, நூல் கோக்கிறவள் மாதிரி குனிந்துகொண்டு, விசில் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். மிஷின் நின்றதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நான் திரும்ப மிதிக்கிற வரைக்கும் விடுவதில்லை.